கரண்ட் போய் வந்தாலும் ஒஃப்லைன் ஆகாத பிரிண்டர்: நெட்வேர்க்கில் பொருத்த ஒரு முழு வழிகாட்டி

மாரி தொடங்கிவிட்டால் காலை எட்டரைக்கு எனக்கு வருகிற அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "தம்பி, நேற்று நல்லா வேலை செய்தது, இண்டைக்குப் பிரிண்டர் ஒஃப்லைன் எண்டு காட்டுது. நாங்கள் ஒண்டும் தொடேல்லை." அவர்கள் சொல்வது உண்மை, யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். இரவு கரண்ட் போயிருக்கும், விடிய வந்திருக்கும், அந்த இடைவெளியில் பிரிண்டருக்கு வேறொரு முகவரி விழுந்திருக்கும். கொம்பியூட்டர் பழைய முகவரிக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் சின்னக் கந்தோர்கள், ரியூசன் நிலையங்கள், போட்டோக்கொப்பிக் கடைகள் என்று பல இடங்களில் பிரிண்டர் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப நான் பார்த்தது இதுதான்: பிழை பிரிண்டரிலும் இல்லை, விண்டோஸிலும் இல்லை, முதல் நாள் முகவரியை நிலையாக வைக்காமல் விட்டதில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதியைத்தான் நீட்டி எழுதப்போகிறேன். டிரைவர் (கொம்பியூட்டர் பிரிண்டரோடு கதைக்க உதவுகிற மென்பொருள்) போடுவது, சோதனைத் தாள் எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு பத்து நிமிட வேலை.

உதாரணத்துக்கு ஒரு இடத்தை மனதில் வைத்துக்கொள்வோம். வீட்டு பிளான் கீறுகிற ஒரு கந்தோர். அதில் பெரிய வரைபட வேலைகளுக்கு ஒரு வேர்க்ஸ்டேஷன், அதாவது வலுக்கூடிய கொம்பியூட்டர், கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் இரண்டு மடிக்கணினி, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஏ3 தாள் எடுக்கிற ஒரு லேசர் பிரிண்டர். உங்களிடம் ஏ4 பிரிண்டர் ஒன்றும் ஒரே கொம்பியூட்டரும் இருந்தாலும் செய்முறை இதேதான்.

வாங்க முன்னம்

கஸ்தூரியார் வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ கடைக்குப் போய் "நெட்வேர்க் பிரிண்டர் இருக்கோ" என்று கேட்டால் வைஃபை மட்டும் உள்ளதையும் எடுத்துக் காட்டுவார்கள். மொடல் இலக்கத்தின் முடிவில் வரும் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். பல கொம்பனிகளில் டி என்றால் தாளின் இரண்டு பக்கமும் தானாக அச்சிடும், என் என்றால் கேபிள் செருகும் நெட்வேர்க் துவாரம் உண்டு, டபிள்யூ என்றால் வைஃபை உண்டு. எல்லாக் கொம்பனியும் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை என்பதால் பின்பக்கத்தைத் திருப்பி, ரவுட்டரில் இருப்பது போன்ற சதுரத் துவாரம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கந்தோர் பாவனைக்குக் கேபிள் துவாரம் இல்லாத பிரிண்டரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. கனடாவில் இருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்து தந்த பிரிண்டர் என்றால், பிளக்கைச் செருக முன்னம் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். மை பாவிக்கிற இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், அவற்றில் பயமில்லை. லேசர் பிரிண்டரின் உள்ளே தாளைச் சூடாக்குகிற உருளை அந்தந்த நாட்டு வோல்டேஜுக்கென்றே செய்யப்பட்டது, 120 வோல்டுக்கான லேசரை இங்கே நேரடியாகச் செருகினால் அது எரிந்துவிடும். அத்தோடு சில கொம்பனிகளின் மைப்பெட்டிகளும் டோனரும் எந்தப் பிராந்தியத்துக்கானவையோ அங்கே விற்கிற பிரிண்டரில்தான் வேலை செய்யும். அன்போடு தந்த பொருளாக இருந்தாலும் இதைப் பார்க்காமல் ஓன் பண்ண வேண்டாம்.

ரீகண்டிஷன் மெஷின் என்றால் பழைய கந்தோரின் முகவரியும் கடவுச்சொல்லும் இன்னும் அதற்குள் இருக்கும். மெனுவுக்குள் போய் நெட்வேர்க் அமைப்புகளை மட்டும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருகிற தெரிவைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கே செருகுவது, எதில் செருகுவது

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருக வேண்டாம். தாளைச் சூடாக்கும் நேரத்தில் அது ஒரேயடியாக இழுக்கிற மின்சாரத்தைக் கொம்பியூட்டருக்கென்று வாங்கிய சின்ன யுபிஎஸ் தாங்காது, அலறிக்கொண்டு நிற்கும், கொம்பியூட்டரையும் சேர்த்து நிறுத்திவிடும். பிரிண்டர் சுவர் பிளக்கிலேயே இருக்கட்டும். யுபிஎஸ்ஸில் இடமிருந்தால் அதை ரவுட்டருக்குக் கொடுங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

கேபிளா வைஃபையா என்றால், முடிந்த இடமெல்லாம் கேபிள். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் போதும், 100 மீற்றர் வரை இழுக்கலாம், நம்முடைய கந்தோர்களில் 15 மீற்றரைத் தாண்டுவதே அரிது. கேபிளின் ஒரு நுனி பிரிண்டரில், மறு நுனி ரவுட்டரின் லான் துவாரத்தில். அருகில் பச்சை அல்லது மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் வேறு எதையும் பார்க்க முன்னம் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வைஃபைதான் வழி என்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மலிவான பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும், ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் பிரிண்டரின் பட்டியலில் வரவே வராது. கொம்பியூட்டர் 5 இலும் பிரிண்டர் 2.4 இலும் இருப்பது பிரச்சினை இல்லை, இரண்டும் ஒரே ரவுட்டர் என்றால் ஒன்றோடொன்று கதைக்கும். இரண்டாவது, விருந்தினருக்கென்று வைத்திருக்கும் வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அதில் சேர்கிற கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள்.

ஒரே கந்தோரில் இரண்டு ரவுட்டர் இருப்பதும் இங்கே சாதாரணம். ஃபைபர் இணைப்போடு வந்தது முன் விறாந்தையில், சிக்னல் காணாது என்று பிறகு வாங்கிப் பூட்டியது உள் அறையில். இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று தனி நெட்வேர்க் ஒன்றை உருவாக்கிவிடும், ஒன்றில் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள், மற்றதில் 192.168.0 என்று தொடங்குபவை. பிரிண்டர் உள்ளே இருந்து கொம்பியூட்டர் வெளியே இருந்தால் அந்தக் கொம்பியூட்டரால் பிரிண்டரை எட்டவே முடியாது. இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் அக்சஸ் பொயின்ற் என்ற தெரிவு இருந்தால் அதைக் கொடுங்கள். பிறகு எல்லாக் கருவியும் ஒரே குடும்பமாகிவிடும். இதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போவதில் பயனில்லை.

முகவரியை நிலையாக வைப்பது

நெட்வேர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி உண்டு. சாதாரணமாக ரவுட்டர்தான் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும், அந்தப் பங்கீட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். கொடுக்கிற முகவரி நிரந்தரமல்ல, வாடகைக்குக் கொடுப்பது போல ஒரு காலத்துக்கு மட்டும். தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் அது போதும், ஏனென்றால் அவற்றை யாரும் தேடி வருவதில்லை, அவைதான் மற்றவற்றைத் தேடிப் போகின்றன. பிரிண்டர் அப்படியில்லை. எல்லோரும் அதைத் தேடி வருகிறார்கள். தேடி வருகிற இடம் மாறக்கூடாது.

நம்முடைய பக்கத்தில் இது கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் மின்தடை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, அந்தக் கிழமைகளில் இந்தப் பிரச்சினைக்கென்று எத்தனை வீடு, கந்தோர் ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை. நடப்பது இதுதான். கரண்ட் வந்தவுடன் பிரிண்டரும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் உயிர் பெறுகின்றன. ரவுட்டர் முழுதாக எழும்ப ஓரிரு நிமிடம் எடுக்கும். அதற்குள் பிரிண்டர் எழும்பி, முகவரி தாருங்கள் என்று கேட்டுப் பார்த்து, பதில் வராததால் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு தற்காலிக முகவரியைப் போட்டுக்கொள்கிறது. அந்த முகவரியில் இருக்கிற பிரிண்டரைக் கொம்பியூட்டர் கண்டுபிடிக்காது. ரவுட்டருக்கு யுபிஎஸ் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான், அது அணையாமல் இருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி வராது.

முகவரியை நிலைப்படுத்த இரண்டு வழி. ரவுட்டருக்குள் போய் "இந்தக் கருவி வந்தால் இந்த முகவரியைத்தான் கொடு" என்று ஒதுக்கி வைப்பது ஒன்று. பிரிண்டருக்குள்ளேயே முகவரியை எழுதி வைப்பது மற்றது. பெரிய நிறுவனங்களில் முதலாவதை விரும்புவார்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இருந்து பார்க்கலாம் என்பதால். நான் இங்கே இரண்டாவதைத்தான் செய்கிறேன். முகவரி பிரிண்டருக்குள்ளேயே இருந்தால் ரவுட்டர் எப்போது எழும்பினாலும் அதற்குக் கவலையில்லை, யாரையும் கேட்டு நிற்காது. இதில் ஒரு குறையும் உண்டு: ரவுட்டரை மாற்றி, புது ரவுட்டர் வேறு தொடரில் முகவரி கொடுத்தால் பிரிண்டர் தனித்துப் போகும். ரவுட்டர் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது, கரண்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்று பார்த்தால் எது நல்லது என்று உங்களுக்கே விளங்கும்.

இனி செய்முறை. முதலில் பிரிண்டரின் மெனுவில் நெட்வேர்க் அறிக்கை அல்லது கன்ஃபிகரேஷன் பக்கம் என்ற தெரிவைத் தேடி அதை அச்சிடுங்கள். திரை இல்லாத சின்னப் பிரிண்டர்களில் ஏதாவது ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், எந்தப் பொத்தான் என்று அதன் கையேட்டில் இருக்கும். வருகிற தாளில் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே என்று மூன்று வரி இருக்கும், மாக் முகவரி என்ற 12 எழுத்து இலக்கமும் இருக்கும். அந்தத் தாளை எறியாதீர்கள்.

கேட்வே 192.168.1.1 என்று இருந்தால் அதுதான் உங்கள் ரவுட்டர். 4ஜி ரவுட்டர் சிலவற்றில் 192.168.8.1 என்று இருக்கும். கொம்பியூட்டரின் பிரவுசரில் அந்த இலக்கத்தை அடித்து ரவுட்டருக்குள் போங்கள், கடவுச்சொல் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அங்கே லான் அல்லது டிஎச்சிபி என்ற பக்கத்தில், எந்த இலக்கத்தில் இருந்து எந்த இலக்கம் வரை ரவுட்டர் பங்கிடுகிறது என்று பாருங்கள். 100 முதல் 200 வரை என்று இருந்தால் நல்லது, 2 முதல் 99 வரை உங்களுக்கு மிச்சம். 2 முதல் 254 வரை முழுவதையும் ரவுட்டரே வைத்திருந்தால் தொடக்கத்தை 50 என்று மாற்றிச் சேமியுங்கள். இதைச் செய்யாமல் ஏதோ ஒரு இலக்கத்தைப் பிரிண்டருக்குக் கொடுத்தால் இன்றைக்கு வேலை செய்யும், ஒருநாள் யாரோ ஒருவரின் தொலைபேசிக்கு ரவுட்டர் அதே இலக்கத்தைக் கொடுக்கும், இரண்டும் மோதும். அந்தப் பிழை வந்து வந்து போகும், கண்டுபிடிக்க நாள் முழுக்க எடுக்கும்.

ஒரு இலக்கத்தைத் தெரிவு செய்யுங்கள், நான் 20 ஐ எடுக்கிறேன். முகவரியின் முதல் மூன்று பகுதியும் உங்கள் கேட்வேயில் உள்ளதாகவே இருக்க வேண்டும், கேட்வே 192.168.8.1 என்றால் இனி வருகிற இடமெல்லாம் 192.168.1 க்குப் பதிலாக 192.168.8 என்று கொடுங்கள். அது காலியா என்று பார்க்க, கொம்பியூட்டரில் கொமாண்ட் பிரொம்ப்ட்டைத் திறந்து பிங் (ping) என்ற கட்டளையோடு 192.168.1.20 என்று அடியுங்கள். பதில் வராவிட்டால் பெரும்பாலும் காலி. அணைத்து வைத்திருக்கும் கருவி பதில் தராது என்பதால் கந்தோரில் உள்ள எல்லாவற்றையும் ஓன் பண்ணிவிட்டுப் பாருங்கள்.

இப்போது பிரவுசரில் பிரிண்டரின் தற்போதைய முகவரியை, அந்தத் தாளில் உள்ளதை, அடியுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். பாதுகாப்பற்ற இணைப்பு என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம், பிரிண்டர் தன் சான்றிதழைத் தானே எழுதி வைத்திருப்பதால் வருகிற எச்சரிக்கை அது. உங்கள் கந்தோருக்குள்ளேயே இருக்கிற, முகவரி உங்களுக்குத் தெரிந்த கருவி என்பதால் இந்த ஒரு இடத்தில் தாண்டிப் போகலாம். நெட்வேர்க், பிறகு ஐபிவி4 என்ற இடத்துக்குப் போய், தானியங்கி என்று இருப்பதை மேனுவல் என்று மாற்றி, முகவரி 192.168.1.20, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று கொடுங்கள். டிஎன்எஸ் கேட்டால் கேட்வே இலக்கத்தையே கொடுக்கலாம். சேமித்தவுடன் பக்கம் உறைந்தது போல நிற்கும், ஏனென்றால் பழைய முகவரியில் இப்போது யாருமில்லை. புது முகவரியை அடித்தால் திறக்கும்.

உள்ளே இருக்கும்போதே மூன்று வேலையை முடித்துவிடுங்கள். நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றி எழுதி வையுங்கள். இவ்வளவு நேரம் வேலை செய்யாவிட்டால் தானாக முழுதாக அணைந்துவிடும் என்ற தெரிவு இருந்தால் அதை நிறுத்துங்கள், தூங்குகிற நிலை பரவாயில்லை, அணைந்தால் கொம்பியூட்டரால் எழுப்ப முடியாது. தாள் அளவு லெட்டர் என்று இருந்தால் ஏ4 ஆக்குங்கள்.

இப்போது சோதனை. பிரிண்டரையும் ரவுட்டரையும் சுவரில் அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, இரண்டையும் ஒன்றாக ஓன் பண்ணுங்கள், கரண்ட் போய் வந்தது போல. மூன்று நிமிடம் கழித்து 192.168.1.20 திறந்தால் முக்கியமான வேலை முடிந்தது.

வேர்க்ஸ்டேஷனில் சேர்ப்பது

டிரைவரைப் பிரிண்டர் கொம்பனியின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். தேடினால் முதலில் வருகிற, எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் போடுகிறோம் என்று சொல்கிற மென்பொருட்களைத் தொடவே வேண்டாம். ஒரே பிரிண்டருக்குப் பிசிஎல்6 என்றும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்றும் இரண்டு டிரைவர் இருந்தால், கடிதம், கணக்கு, சாதாரண வேலைக்குப் பிசிஎல்6. பிளான் கீறுகிற வேர்க்ஸ்டேஷனுக்கும் பக்க வடிவமைப்புச் செய்பவர்களுக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் நல்லது, மெல்லிய கோடுகளும் அடுக்கிய நிறங்களும் அதில் ஒழுங்காக வரும். மலிவான பிரிண்டர்களில் இந்தத் தெரிவே இருக்காது, அதற்கென்று கொடுத்த ஒரே டிரைவர்தான்.

விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், பிறகு பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ். ஆட் டிவைஸ் என்பதை அழுத்தினால் கொம்பியூட்டர் தேடத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் உங்கள் பிரிண்டரின் பெயரை எடுத்துக் காட்டும். அதை அழுத்தாதீர்கள். கை தன்பாட்டில் அங்கேதான் போகும், எனக்கும் முன்பு போனது. அந்த வழியில் சேர்த்தால் விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டை, அதாவது பிரிண்டருக்கு வேலை அனுப்புகிற வழியை, உருவாக்கும். அது பிரிண்டரை நெட்வேர்க்கில் அறிவிப்பு மூலம் தேடிக் கண்டுபிடிக்கிற முறை, அறிவிப்புக் கிடைக்காத நாளில் பிரிண்டர் நன்றாக இருந்தும் ஒஃப்லைன் என்று காட்டும். நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு வைத்த முகவரி அங்கே பயன்படாமல் போகும்.

அதற்குப் பதிலாக, பட்டியலின் கீழே நான் தேடும் பிரிண்டர் இதில் இல்லை என்ற பொருளில் ஒரு வரி வரும், அது வர சில விநாடி சுணங்கும். அதன் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். திறக்கிற சின்னப் பெட்டியில் ஐபி முகவரி மூலம் சேர்ப்பதைத் தெரிவு செய்து, கருவி வகையில் டிசிபி ஐபி டிவைஸ் என்பதை எடுத்து, முகவரியில் 192.168.1.20 அடியுங்கள். கீழே பிரிண்டரைக் கேட்டுத் தானாக டிரைவரைத் தெரிவு செய் என்ற கட்டம் இருக்கும், டிரைவரை நீங்களே இறக்கி வைத்திருந்தால் அந்தச் சரியை எடுத்துவிடுங்கள். அடுத்து டிரைவர் பட்டியல் வரும், உங்கள் மொடல் அதில் இல்லாவிட்டால் ஹாவ் டிஸ்க் என்பதை அழுத்தி, இறக்கி விரித்து வைத்த கோப்புறையைக் காட்டுங்கள்.

பெயர் கேட்கும். கொம்பனி வைத்த நீண்ட மொடல் பெயரை விட்டுவிட்டு, "முன் அறை ஏ3" என்பது போல இடத்தைச் சொல்கிற பெயர் வையுங்கள். மற்றவர்களோடு பகிரவா என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள், காரணம் கடைசியில் வருகிறது. சோதனைத் தாள் எடுத்துப் பாருங்கள்.

ஏற்கனவே டபிள்யூஎஸ்டியில் சேர்த்துவிட்டவர்கள் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. பிரிண்டர் புரொப்பர்ட்டீஸ் திறந்து போர்ட்ஸ் என்ற பக்கத்தில் ஆட் போர்ட் கொடுத்து, ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் என்பதை எடுத்து அதே முகவரியை அடித்தால் போதும், டிரைவர் அப்படியே இருக்கும்.

அதே போர்ட்ஸ் பக்கத்தில் கன்ஃபிகர் போர்ட் என்பதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ரோ என்றும் 9100 என்றும் இருக்க வேண்டும், பெரும்பாலான பிரிண்டர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற வாசல் அது. கீழே எஸ்என்எம்பி நிலை என்ற கட்டத்தில் சரி போட்டிருக்கும். பிரிண்டர் உயிரோடு இருக்கிறதா என்று கொம்பியூட்டர் வேறொரு வழியில் விசாரிப்பது அது, சில பிரிண்டர்கள் அந்த விசாரணைக்குப் பதில் சொல்வதில்லை, உடனே ஒஃப்லைன் என்று முடிவுகட்டிவிடும். முகவரி பிரவுசரில் திறக்கிறது, ஆனாலும் ஒஃப்லைன் என்றால் இந்தச் சரியை எடுத்துப் பாருங்கள்.

பிறகு, பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் இயல்பான பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற தெரிவை நிறுத்திவிடுங்கள். அது கடைசியாகப் பாவித்த பிரிண்டரை இயல்பானதாக ஆக்கும், நேற்று ஒரு பிடிஎஃப் சேமித்திருந்தால் இன்று அச்சடிக்கக் கொடுத்ததும் பிடிஎஃப்பாகப் போகும்.

அளவும் தமிழும்

பிளான் கீறுபவர்களுக்கு இது மிக முக்கியம். பக்கத்துக்குப் பொருத்து என்ற தெரிவு இருந்தால் பிரிண்டர் படத்தைச் சில வீதம் சுருக்கிவிடும், 1:100 என்று எழுதிய பிளான் 1:100 ஆக இருக்காது. பார்வைக்குத் தெரியாது, அளவுகோல் வைத்தவருக்குத்தான் தெரியும். உண்மையான அளவு அல்லது 100 வீதம் என்று கொடுங்கள். முதல் நாள் 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்றைக் கீறி அச்செடுத்து அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். தாளின் நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாகக் கீறி இரண்டையும் அளக்க வேண்டும்.

தாள் அளவைப் பிரிண்டருக்குள் மாற்றினோம், கொம்பியூட்டரிலும் மாற்ற வேண்டும். லெட்டர் தாள் ஏ4 ஐ விட ஆறு மில்லிமீற்றர் அகலம், 18 மில்லிமீற்றர் கட்டை. கொம்பியூட்டர் லெட்டர் கேட்டு, லாச்சியில் ஏ4 இருந்தால் பிரிண்டர் "தாள் போடு" என்று கேட்டுக்கொண்டு நிற்கும், தாள் நிறைந்திருக்கும்போதே. பிரிண்டர் புரொப்பர்ட்டீஸில் பிரிஃபரென்ஸஸ் திறந்து ஏ4 ஆக்குங்கள், அட்வான்ஸ்ட் பக்கத்தில் உள்ள பிரிண்டிங் டிஃபோல்ட்ஸ் என்பதிலும் ஆக்குங்கள், அப்போதுதான் அந்தக் கொம்பியூட்டரில் வேறு ஒருவர் நுழைந்தாலும் அது பொருந்தும்.

தமிழ் எழுத்தில் வருகிற சிக்கல் இரண்டு வகை. இன்றைக்கும் இங்கே பல கந்தோர்களில் பாமினியில் அடித்த பழைய கோப்புகள் உண்டு. பாமினியில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன, எனவே அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். புது வேர்க்ஸ்டேஷன் வாங்கியவர்கள் பிரிண்டரைக் குறை சொல்வது இதற்காகத்தான். பழைய கொம்பியூட்டரில் இருந்த எழுத்துருக்களைக் கொண்டுவந்து நிறுவினால் சரியாகும். திரையில் தமிழ் வடிவாகத் தெரிந்து தாளில் மட்டும் கட்டங்களாகவோ கொம்பு பிரிந்தோ வந்தால் அது டிரைவர் எழுத்துருவை மாற்றுவது. டிரைவரின் மேம்பட்ட தெரிவுகளில் எழுத்தைப் படமாக அனுப்பு என்ற பொருளில் ஒன்று இருந்தால் கொடுங்கள். பிடிஎஃப் என்றால் அடோபி ரீடரின் பிரிண்ட் பெட்டியில் அட்வான்ஸ்ட் திறந்து பிரிண்ட் ஆஸ் இமேஜ் என்று கொடுங்கள், சற்று மெதுவாக வரும், ஆனால் திரையில் உள்ளபடியே வரும்.

பிறகும் வராவிட்டால்

பிரவுசரில் பிரிண்டரின் முகவரி திறக்கிறதா என்று பாருங்கள். எல்லா விசாரணையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் டிரைவரைத் திரும்பப் போடுவது வீண் வேலை, சிக்கல் கேபிளில், ரவுட்டரில் அல்லது முகவரியில். வேர்க்ஸ்டேஷன்களில் இன்னொரு காரணமும் உண்டு: அதில் கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ரவுட்டரோடு இணைந்திருக்கும், அல்லது வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்வதற்காக விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். சில விபிஎன்கள் உள்ளூர் நெட்வேர்க்கை மூடிவிடும். ஒருக்கால் நிறுத்திப் பாருங்கள்.

முகவரி திறக்கிறது, ஆனால் கொடுத்த வேலைகள் வரிசையில் நிற்கின்றன, அழித்தாலும் அழியவில்லை என்றால் ஸ்பூலர், அதாவது அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புகிற விண்டோஸின் பகுதி, சிக்கிவிட்டது. சேர்விசஸ் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையில் இருப்பவற்றை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரைத் திரும்பத் தொடக்குங்கள். அந்தக் கோப்புறையையே அழிக்கக் கூடாது.

மழைக்காலத்தில் தாள் அடிக்கடி சிக்கினால் அது நெட்வேர்க் விஷயமில்லை, தாள் ஈரம் குடித்திருக்கிறது. பிரித்த கட்டை அதன் உறையிலேயே சுற்றி வைத்து, அன்றன்று தேவையானதை மட்டும் லாச்சியில் போடுங்கள்.

மற்ற மடிக்கணினிகளுக்கு

ஒவ்வொன்றிலும் இதே முகவரியைக் கொண்டு நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். வேர்க்ஸ்டேஷனில் பகிர்ந்துவிட்டு மற்றவர்கள் அதன் வழியாக வரட்டும் என்று விட்டால், அந்த ஒரு கொம்பியூட்டர் அணைந்திருக்கும் நேரமெல்லாம் யாருக்கும் பிரிண்டர் இல்லை. 2021 இல் விண்டோஸின் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்து, அதை அடைக்க மைக்ரோசொஃப்ட் விட்ட திருத்தங்களுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டர்களில் 11பி என்று முடிகிற பிழை பல இடங்களில் வந்தது. நேரடியாகச் சேர்த்தவர்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

ஆப்பிள் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் திறந்து, சேர்க்கும் பெட்டியில் உலக உருண்டை போல இருக்கும் அடையாளத்தை அழுத்தி முகவரியைக் கொடுங்கள், ஏர்பிரிண்ட் உள்ள பிரிண்டர் என்றால் டிரைவரே தேவையில்லை. லினக்ஸில் கப்ஸ் (CUPS) என்ற அச்சு மென்பொருள் இந்த வேலையைச் செய்யும், உபுண்டுவில் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதியிலேயே முகவரியை அடிக்கலாம்.

முடிந்ததும் ஒரு சின்னத் தாளில் 192.168.1.20 என்றும், எந்த ரவுட்டரில் செருகியிருக்கிறது என்றும், பொருத்திய திகதியையும் எழுதிப் பிரிண்டரின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுதாமல், முதலில் அச்சிட்ட அந்த நெட்வேர்க் தாளின் பின்பக்கத்தில் எழுதி மேசை லாச்சியில் பூட்டி வையுங்கள். ரவுட்டரை மாற்ற வருகிறவரிடம் வேலை தொடங்க முன்னமே ஒட்டியிருக்கும் தாளைக் காட்டி, புது ரவுட்டரிலும் 192.168.1 தொடரையே வைத்துத் தாருங்கள் என்று கேளுங்கள். அவருக்கு அது இரண்டு நிமிட வேலை.